ஜன்னல்ல வந்த கருப்பு குளவியை மேப்ல ஒரு புள்ளியா மாத்துறது எப்படி

கேள்வியை முதல்ல ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன், இதே சந்தேகம் நிறைய பேருக்கு இருக்கு. வீட்டு ஜன்னல் கண்ணாடியில ஒரு கருப்பு பூச்சி, பின்னங்கால் நீளமா இருக்கு, வயிறு மட்டும் குட்டியா, அதையும் மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே நடக்குது. போன்ல ரெண்டு போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்ல (போட்டோ போட்டா உயிரினத்துக்குப் பேர் சொல்லி, மேப்லயும் பதியுற ஆப்) போட்டா "ஈவானியா அப்பெண்டிகாஸ்டர்"னு முதல் பேரா காட்டுது. மேப்பைத் திறந்து பாத்தா சுத்துவட்டாரத்துல ஒரு புள்ளி கூட இல்ல. ஆப் சொல்ற பேரை அப்படியே போட்டுடலாமா, போட்டா அது அந்தப் பகுதிக்கு புது ரெக்கார்டா ஆயிடுமா, இது தானே கேள்வி?

குடும்பம் வரைக்கும் ஆப் சொல்றதை தாராளமா நம்பலாம், ஸ்பீஷிஸ், அதாவது தனி இனம் வரைக்கும் உங்க ரெண்டு போட்டோவை வச்சு நம்ப முடியாது. புது ரெக்கார்டாங்கறதுக்கு பதில் கொஞ்சம் நீளம், கடைசியில வரேன்.

மொதல்ல இது என்னன்னு பாத்துடலாம். இது ஈவானிடேங்கற ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பம். உலகத்துல 400க்கு மேல ஸ்பீஷிஸுக்கு பேர் வச்சிருக்காங்க, வளர்ப்பு முறை தெரிஞ்ச எல்லாமே கரப்பான் பூச்சியோட முட்டைக்கூட்டுக்குள்ள தான் வளருது. தாய்க் குளவி முட்டைக்கூட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு, அதோட பக்கத்துலயே ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, கெட்டியான ஓட்டுல முட்டையிடுற ஊசியை இறக்கி ஒரு முட்டை வைக்கும், அவசரமே படாம ரொம்ப நேரம் எடுத்துக்கும். உள்ள பொரிக்கிற புழு ஒவ்வொண்ணா எல்லா கரப்பான் முட்டையையும் தின்னு தீர்த்துட்டு, அங்கயே கூட்டுப்புழுவாகி, ஒரே ஒரு குளவியா ஓட்டைக் கடிச்சு வெளியில வரும். மனுஷனை ஒண்ணும் பண்ணாது. கொட்டுமான்னு பயந்து செருப்பைத் தூக்க வேண்டாம்.

ஈவானியா அப்பெண்டிகாஸ்டருக்கு 1758லயே லின்னேயஸ் பேர் வச்சாச்சு, இக்னியூமான்ங்கற ஜீனஸ்ல (நெருங்கின இனங்களோட தொகுதி) போட்டாரு, ஈவானியாங்கற ஜீனஸை ஃபாப்ரிசியஸ் 1775ல உருவாக்கினாரு. ஆசியாவிலேருந்து தான் கிளம்பியிருக்கும்னு பொதுவா சொல்றாங்க, ஆனா கரப்பான் பூச்சி கப்பல் ஏறி எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் இதுவும் கூடவே போயிடுச்சு, வெப்பமான நாடுகள்ல துறைமுகம் இருக்குற ஊர்ல பெரும்பாலும் இது இருக்கும். பெரிப்ளானெட்டா அமெரிக்கானா, பெரிப்ளானெட்டா ஆஸ்ட்ரலேசியே, பிளாட்டா ஓரியெண்டாலிஸ் மாதிரி பெரிய கரப்பான்கள் தான் இதுக்கு வேணும். அடுப்படியில ஓடுற சின்ன ஜெர்மன் கரப்பான் இதுக்கு ஒத்து வராது, அது பொரிக்கிற நேரம் வரைக்கும் முட்டைக்கூட்டை வாலுலயே சுமந்துக்கிட்டு திரியும், குளவிக்கு தனியா விட்டுட்டுப் போன கூடு வேணும். இது ரெக்கார்ட் பண்றவங்களுக்கு முக்கியமான விஷயம். உங்க வீட்டுல சின்ன கரப்பான் மட்டும் தான் இருக்குன்னா அந்தக் குளவி உங்க அடுப்படியில வளரல, வெளியில சாக்கடை மூடி, செப்டிக் டேங்க், விறகு அடுக்கு இப்படி எங்கேயோ வளர்ந்து வெளிச்சத்தைப் பாத்து வந்திருக்கு.

சரி அடையாளம். ஈவானிடேன்னு எப்படி உறுதியா சொல்றேன்னா, பக்கவாட்டுல எடுத்த போட்டோவைப் பாருங்க, வயித்தை நெஞ்சோட சேக்குற மெல்லிசு காம்பு எங்கேருந்து கிளம்புதுன்னு கவனிங்க. பெரும்பாலான குளவிக்கும் எறும்புக்கும் அது நெஞ்சோட அடியில, பின்னங்கால் முளைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கும். இதுக்கு முதுகுக்கிட்ட, ரொம்ப மேலேருந்து கிளம்பும். அந்தக் காம்பு நுனியில வயிறு ரெண்டு பக்கமும் அமுக்கி வச்ச மாதிரி தட்டையா, கம்பத்துல கட்டின குட்டிக் கொடி மாதிரி நிக்கும், மேலேருந்து பாத்தா ஒரு கோடு தான் தெரியும். மேலேருந்து வயிறு கிளம்புற வேற ரெண்டு குடும்பம் இருக்கு, கேஸ்டெரப்ஷிடே, ஔலாசிடே, ஆனா அதுங்களுக்கு வயிறு நல்லா நீளமா பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், குழப்பமே வராது. பெண்ணுக்கு வயிறு கொஞ்சம் முக்கோணமா அகலமா இருக்கும், ஆணுக்கு ஒல்லியா முட்டை வடிவத்துல.

இதுவரைக்கும் ஈஸி. இதுக்கப்புறம் தான் சிக்கல்.

ஆப் ஏன் எல்லாத்துக்கும் அப்பெண்டிகாஸ்டர்ங்குதுன்னா, அதுக்குக் கத்துக் குடுத்த போட்டோக்கள்ல இந்தக் குடும்பத்துக்குன்னு அதிகமா இருக்கறது இந்த ஸ்பீஷிஸ் தான். யாரோ ஒருத்தர் மங்கலான போட்டோவுக்கு ஆப் சொன்ன பேரைப் போடறாரு, இன்னொருத்தர் "ஆமா நானும் ஒத்துக்கறேன்"னு அமுக்கறாரு, ரெண்டு பேர் ஒத்துக்கிட்டதும் அது ரிசர்ச் கிரேடு ஆயிடுது, அப்புறம் அந்தப் போட்டோவே அடுத்த தடவை ஆப்புக்குப் பாடமாப் போகுது. ரிசர்ச் கிரேடுன்னா இந்தக் குளவியை மைக்ராஸ்கோப்புல பாத்த ஆள் சொன்னாருன்னு அர்த்தம் கிடையாது, தேதியும் இடமும் போட்டோவும் இருந்து, பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போனாங்கன்னு மட்டும் தான் அர்த்தம். ஜிபிஐஎஃப்ல (உலகம் முழுக்க உயிரினப் பதிவுகளைச் சேத்து வைக்கிற தளம்) போய் டேட்டா இறக்கி மேப் போடறவங்க இதை மறந்துடறாங்க, எனக்கு இதுல கொஞ்சம் எரிச்சல் உண்டு.

ஈவானியாவோட குழம்பற ஜீனஸ் முக்கியமா ரெண்டு: புரோசெவானியா, செப்லிகெட்டெல்லா. மூணுக்கும் முன் இறக்கையில கருப்பு நரம்பு நிறைய ஓடி, மூடின கட்டங்கள் தெளிவா தெரியும். அதனால இறக்கையில நரம்பு குறைவா, பாதியிலயே மங்கிப் போயிருந்துச்சுன்னா இந்த மூணும் இல்லன்னு ஒரேயடியா தள்ளிடலாம், நரம்பு நிறைய இருந்தா மூணுல ஒண்ணா இருக்கலாம்ங்கறது தான் தெரியும். மூணையும் பிரிக்கிறதுக்கு நெஞ்சோட அடிப்பக்கம், கால் முளைக்கிற அடிக்கட்டைகளோட அமைப்பு, முகத்துலயும் நெஞ்சுலயும் இருக்குற குழிகளோட அடர்த்தி இதெல்லாம் பாக்கணும். உலகத்துல இருக்குற ஜீனஸ் எல்லாத்துக்குமா 2003ல ஒரு கீ (படிப்படியா அடையாளம் கண்டுபிடிக்கிற அட்டவணை) வந்திருக்கு, அதை வச்சுக்கிட்டு உக்காந்தா எந்தெந்த பாகம் வேணும்னு புரியும், மேலேருந்து எடுத்த போட்டோவுல அதுல பாதி கூட தெரியாதுன்னும் புரியும்.

நீலக் கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை. உயிரோட இருக்குறப்போ அப்பெண்டிகாஸ்டருக்கு கண் அழகான நீலம், போட்டோவுல எடுப்பா தெரியும், அதனால "நீலக் கண், ஆகவே அப்பெண்டிகாஸ்டர்"னு போட்டுடறாங்க. செத்ததும் அந்த நிறம் மங்கிடும், வெளிச்சம் மாறினாலும் நிறம் மாறித் தெரியும், தவிர இந்தக் குடும்பத்துல வேற சிலதுக்கும் நீலச் சாயல் உண்டு. நீலமா இருந்தா சந்தோஷப்படுங்க, அதை மட்டும் வச்சு பேர் வைக்காதீங்க.

உங்க போட்டோவுக்கு வரேன். முதல் போட்டோ மேலேருந்து, நல்லா ஃபோகஸ்ல இருக்கு ஆனா அதுல வயிறே ஒரு கோடா தான் தெரியுது. ரெண்டாவது பக்கவாட்டு, ஆடிப்போச்சு, ஆனாலும் காம்பு மேலேருந்து கிளம்பறது தெரியுது, இறக்கையில நரம்பு நிறைய இருக்குங்கறதும் ஒரு மாதிரி தெரியுது. இதை வச்சு ஈவானிடேன்னு போடுங்க. அடுத்து வர்றவங்க ஈவானியா வரைக்கும் கொண்டு போனா போகட்டும். ஸ்பீஷிஸ் பேர் இல்லாத பதிவு வேஸ்ட்னு நெனைக்காதீங்க, தப்பான ஸ்பீஷிஸ் பேரோட போன பதிவை அப்புறம் மேப்லேருந்து பிச்சு எடுக்கறது தான் பெரும்பாடு.

அடுத்த தடவை அது வந்தா எப்படி எடுக்கறதுன்னு சொல்றேன். ஜன்னல் கண்ணாடியில உக்காந்திருக்கறது அதிர்ஷ்டம்னே சொல்லணும். உள்பக்கத்துலேருந்து எடுத்தா பின்னாடி வெளிச்சம் வர்றதால இறக்கை நரம்பு ஒவ்வொண்ணும் கோடு போட்ட மாதிரி தெரியும், அப்போ எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏத்திக்கோங்க, இல்லன்னா உடம்பு ஒரே கருப்பா போயிடும். அப்படியே வெளியில போய் அதே கண்ணாடி வழியா எடுத்தா அடிப்பக்கம் கிடைச்சுடும், எல்லாரும் விடறது இந்த அடிப்பக்கத்தைத் தான். ரெண்டும் முடிஞ்சா ஒரு தெளிவான கண்ணாடி பாட்டில்ல புடிச்சு ஃப்ரிட்ஜ்ல (ஃப்ரீசர் வேண்டாம்) கொஞ்ச நேரம் வச்சா மந்தமாயிடும், அப்போ பக்கவாட்டு, முகம், நெஞ்சோட மேல்பக்கம் எல்லாம் நிதானமா எடுக்கலாம், பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சுக்கோங்க, உடம்பு 5லேருந்து 8 மில்லிமீட்டர் தான் வரும். சூடு ஏறினதும் அதுவே பறந்துடும். போனுக்கு மாட்டற சின்ன மேக்ரோ லென்ஸ் இருந்தா போதும், பெரிய கேமரா அவசியம் இல்ல.

கொல்லணுமான்னு கேப்பீங்க. ஜன்னல் அடியில, ட்யூப் லைட் மூடிக்குள்ள எல்லாம் தானா செத்துக் கிடக்கறதே நிறைய கிடைக்கும், முதல்ல அதைப் பொறுக்குங்க. காஞ்சு போனதா இருந்தாலும் உருவ அடையாளத்துக்கு அது போதும். ரொம்ப ஃப்ரெஷ்ஷா கிடைச்சா 95 சதவீத எத்தனால்ல போடுங்க, பின்னாடி யாராவது ஒரு காலை மட்டும் எடுத்து டிஎன்ஏ பார்கோடு (ஒரு சின்ன டிஎன்ஏ துண்டைப் படிச்சு இனம் கண்டுபிடிக்கறது) பண்ண முடியும், சிஓஐங்கற ஜீன்ல 658 எழுத்து நீளத் துண்டு தான் வழக்கமா படிக்கறது. லேபிள் மட்டும் மறக்காதீங்க, நாடு, மாநிலம், மாவட்டம், இடம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எடுத்தவர் பேர், எங்கே எப்படி கிடைச்சுது, இத்தனையும் பென்சில்ல எழுதி பாட்டிலுக்குள்ளயே போடணும். பால் பாயின்ட் பேனா மை எத்தனால்ல கரைஞ்சு போயிடும், லேபிள் இல்லாத குளவி வெறும் செத்த குளவி.

இப்போ நான் இதுல ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயம், முட்டைக்கூடு. ஜன்னல்ல ஒரு குளவி இருந்துச்சுன்னா அது ஒரு நாள் அங்க இருந்துச்சுன்னு மட்டும் தான் தெரியுது, பார்சல் பெட்டியோட வந்திருக்கலாம், லாரியில வந்திருக்கலாம். அதே இடத்துல குளவி வெளிவந்த முட்டைக்கூடு கிடைச்சா அங்கயே அது வளருதுன்னு ஆதாரம். பரவல் பத்தி பேசறவங்களுக்கு இந்த ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அலமாரிக்குப் பின்னாடி, சிங்க் அடியில, மீட்டர் பெட்டிக்குள்ள, பழைய அட்டைப் பெட்டி மடிப்புல டார்ச் அடிச்சுப் பாருங்க. பெரிப்ளானெட்டா அமெரிக்கானாவோட கூடு கருஞ்சிவப்பு இல்லன்னா கருப்பு நிறத்துல, சுமார் 8 மில்லிமீட்டர் நீளத்துல, ஒரு விளிம்புல பல் பல்லா வரிசை ஓடும், உள்ள 14, 16 முட்டை இருக்கும். காலிக் கூடா இருந்தா எப்படி காலியாச்சுன்னு பாருங்க. கரப்பான் குஞ்சு பொரிச்சு வந்திருந்தா அந்தப் பல் விளிம்பு தையல் பிரிஞ்ச மாதிரி வாய் திறந்து திரும்ப மூடியிருக்கும், பக்கத்துச் சுவர்ல ஓட்டை எதுவும் இருக்காது. ஈவானியா வந்திருந்தா ஒரே ஒரு ஓட்டை, வட்டமா, பெருசா, ஓரம் கடிச்சு எடுத்த மாதிரி சொரசொரன்னு இருக்கும். ரொம்ப குட்டி ஓட்டையா, ஊசி முனை அளவுல இருந்துச்சுன்னா அது வேற ஆள், அப்ரோஸ்டோசீட்டஸ் ஹேகெனோவிங்கற பொடிக் குளவி, அது ஒரே கூட்டுலேருந்து டஜன் கணக்குல வெளிவரும், ஒவ்வொண்ணும் 2 மில்லிமீட்டர் கூட இருக்காது. இந்த ஓட்டையை ஒரு போட்டோ எடுத்து வச்சீங்கன்னா அதுவே நல்ல பதிவு தான்.

ஓட்டை இல்லாத முழுக் கூடு கிடைச்சா வளத்துப் பாக்கலாம். ஒரு கூட்டுக்கு ஒரு குப்பி, ரெண்டு கூட்டை ஒண்ணாப் போட்டா எதுலேருந்து எது வந்துச்சுன்னு தெரியாது. வாயை நல்ல நெருக்கமான துணியால கட்டி, தேதி இடம் எழுதி, வெயில் படாத இடத்துல வச்சுட்டு மறந்துடுங்க, ஆனா ரெண்டு மாசம் வரைக்கும் அப்பப்போ எட்டிப் பாருங்க. கரப்பான் குஞ்சு வந்துச்சுன்னா குப்பியை அப்படியே ஃப்ரீசர்ல போட்டுடுங்க, வீட்டுல இருக்கறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிட்டுப் பண்ணுங்க, இல்லன்னா குப்பி குப்பைக்குப் போயிடும். குளவி வந்துச்சுன்னா குளவியையும் காலிக் கூட்டையும் ஒண்ணா வச்சுக்கோங்க, ஹோஸ்ட், அதாவது எந்தக் கரப்பானோட முட்டையில வளர்ந்துச்சுன்னு பின்னாடி சொல்றதுக்கு அந்த ஓடு வேணும். ஐநேச்சுரலிஸ்ட்ல பதியும்போது கூடு கிடைச்ச தேதியும் இடமும் தான் பதிவோட தேதி, இடம். குளவி வெளிவந்த தேதியைக் குறிப்புல எழுதுங்க. வெளிவந்த குளவியைத் தனிப் பதிவா போட்டா அதை வளர்ப்புன்னு குறிச்சுடணும். ஜன்னல் வழியா தானா வீட்டுக்குள்ள வந்த குளவிக்கு அது தேவையில்ல, அது காட்டு உயிர் கணக்கு தான்.

தேதியும் இடமும் தான் அதிகமா சொதப்புற இடம். வாட்ஸப்ல வந்த போட்டோவை அப்லோட் பண்ணா எடுத்த தேதியும் ஜிபிஎஸ்ஸும் உள்ள இருக்காது, ஆப் இன்னைக்குத் தேதியைக் கேக்கும், நீங்களும் ஓகே அமுக்கிடுவீங்க, ஒரு வருஷம் முன்னாடி எடுத்த குளவி இன்னைக்கு வந்ததா ஆயிடும். ஒரிஜினல் ஃபைலையே போடுங்க. இடத்துல துல்லிய வட்டம்னு ஒண்ணு இருக்கு, அதைக் கவனிக்காம விட்டா சில சமயம் மொத்த மாவட்டமும் வட்டத்துக்குள்ள வந்துடும், அந்தப் பதிவை நுணுக்கமான மேப்புக்கு எடுக்க முடியாது. வீட்டு முகவரி வெளியில தெரியக் கூடாதுன்னு நிறைய பேர் "மறை"ன்னு போட்டுடறாங்க, அப்போ புள்ளி 0.2 டிகிரி கட்டத்துக்குள்ள எங்கேயோ தூக்கிப் போடப்படும், அதாவது இருபது கிலோமீட்டருக்கு மேல தள்ளிக் கூட போகலாம். அதுக்குப் பதிலா புள்ளியைப் பக்கத்துத் தெரு முனையில வச்சு, உங்க வீடும் உள்ள வர்ற மாதிரி 500 மீட்டர் இல்லன்னா ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டுக்கோங்க. வீடும் தெரியாது, பதிவும் பொய்யாகாது. லைசென்ஸ்ல எல்லா உரிமையும் எனக்கேன்னு போட்டிருந்தா ஜிபிஐஎஃப்க்குப் போகாது, அதையும் ஒரு தடவை செட்டிங்ஸ்ல பாத்துடுங்க.

கடைசியா அந்தப் புது ரெக்கார்ட் கேள்வி. மேப்ல புள்ளி இல்லங்கறதுக்கு குளவி இல்லன்னு அர்த்தம் இல்ல, அங்க யாரும் போட்டோ போடலன்னு அர்த்தம். இந்த ஸ்பீஷிஸ் பழைய பட்டியல்கள்லயும் மியூசியம் பெட்டிகள்லயும் பல பகுதிகளுக்கு எப்பவோ ஏறியிருக்கும், அதுல நிறைய இன்னும் டிஜிட்டல் ஆகவே இல்ல. அதனால "மேப்ல முதல் புள்ளி" வேற, "இந்தப் பகுதிக்கு முதல் பதிவு" வேற. ரெண்டாவதைச் சொல்லணும்னா பழைய கட்டுரைகளைத் தேடணும், அந்தக் குளவியே கைல இருக்கணும், இந்தக் குடும்பம் தெரிஞ்ச ஒருத்தர் மைக்ராஸ்கோப்புல பாக்கணும், அந்தக் குளவி ஒரு சேகரிப்புல நம்பரோட போய் உக்காரணும். போட்டோவை மட்டும் வச்சு முதல் பதிவுன்னு பேப்பர் எழுதறதை நான் ஆதரிக்க மாட்டேன், அதுவும் மூணு ஜீனஸ் இவ்ளோ குழம்பற குடும்பத்துல.

அதே சமயம் இது புது ரெக்கார்ட் இல்லன்னு தெரிஞ்சதும் நிறைய பேர் விட்டுடறாங்க, அங்க தான் டேட்டா பாழாகுது. எந்த மாசம் அதிகம் வருது, மழைக்கு அப்புறம் கூடுதா, எப்போ ஆளே இல்லங்கறதெல்லாம் முதல் புள்ளியால தெரியாது, ஒரே ஜன்னல்ல திரும்பத் திரும்ப பதிஞ்ச பத்தாவது இருபதாவது புள்ளியால தான் தெரியும். அதே வீட்டுல கரப்பானுக்கு மருந்து அடிச்ச தேதியையும் குறிப்புல எழுதி வைங்க, மருந்து அடிச்சதும் குளவியும் சேந்து தான் போகும். இந்தக் குளவியே கரப்பானை ஒழிச்சிடுமான்னு கேட்டா, ஒரு குளவிப் புழு ஒரு கூட்டைத் தான் காலி பண்ணும், அது மட்டும் போதாது.

இப்போதைக்கு ரெண்டு போட்டோவையும் ஒரே பதிவுல போட்டு, பேரை ஈவானிடேன்னு மாத்தி, வீட்டுல பெரிய கரப்பான் இருக்கா சின்னதா, பக்கத்துல சாக்கடை மூடி இருக்கான்னு குறிப்புல ரெண்டு வரி எழுதிடுங்க. ஜன்னல் அடியில பெருக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, செத்தது ஏதாவது கிடந்தா அதோட அடிப்பக்கத்தை எடுத்து அதே பதிவுல சேக்காம தனிப் பதிவா போடுங்க, ரெண்டும் ஒரே குளவின்னு நமக்குத் தெரியாது.